தூக்குக் கைதிக்கு டெல்லியில் இலவச வக்கீல்: இந்தச் சேவையை எவ்வளவு நம்பலாம்?

தூக்குத் தண்டனை பெற்றவர்களுக்கு உச்ச நீதிமன்றச் சட்ட சேவைக் குழு டெல்லியில் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து மேல்முறையீட்டுக்காக இங்கே வரும் குடும்பங்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "காசு வாங்காத வக்கீல் உயிரைக் காப்பாற்றிக் கொடுப்பாரா?" பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். டெல்லிக் கட்டத்தில் இந்தச் சேவை நன்றாகவே இருக்கிறது. இருக்கிற நிலத்தை விற்றுப் பெரிய வக்கீலைப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் இது கடைசிக் கட்டத்தில் கிடைக்கிற உதவி. மாவட்டத்தில், செஷன்ஸ் கோர்ட்டில் கெட்டுப்போனதை எல்லாம் டெல்லியில் சரிசெய்துவிட முடியாது. ஒருவர் உயிர் பிழைப்பது எந்தக் கட்டத்தில் எப்படிப்பட்ட வக்கீல் வாய்த்தார் என்பதைப் பொறுத்தது என்றால், அப்படிப்பட்ட தண்டனையை வைத்துக்கொள்ள அரசுக்கு என்ன நியாயம் இருக்கிறது? இந்தக் கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு இந்தச் சேவைக்கு மதிப்பெண் போட முடியாது. அதனால் இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

முதலில் தகுதி. சட்ட சேவைகள் ஆணையச் சட்டம், 1987, பிரிவு 12-ன்படி காவலில் இருக்கும் எவருக்கும் இலவச வக்கீல் உண்டு. உச்ச நீதிமன்றத்தில் ஆண்டு வருமான வரம்பு 5 லட்சம் ரூபாய் என்று படித்துவிட்டுச் சிலர் வருமானச் சான்றிதழுக்காகத் தாசில்தார் ஆபீஸில் நடையாய் நடக்கிறார்கள். அந்த வரம்பு வெளியில் இருப்பவர்களுக்கு. ஜெயிலில் இருப்பவருக்கு அது பொருந்தாது. ஜெயில் சூப்பிரண்டு கொடுக்கும் காவல் சான்றிதழே போதும். வக்கீல் கட்டணம், மொழிபெயர்ப்பு, நகல், பேப்பர் புக் (கோர்ட்டுக்குக் கொடுக்கும் வழக்கு ஆவணத் தொகுப்பு) தயாரிப்பு எல்லாம் குழுவின் செலவு. வக்கீலோ குமாஸ்தாவோ "டைப்பிங் சார்ஜ்" என்று தனியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். குழுவுக்கு எழுதிப் புகார் செய்யலாம். எங்கிருந்து வேண்டுமானாலும் அழைக்கக்கூடிய சட்ட உதவி எண் 15100.

விண்ணப்பிக்க யாரும் டெல்லிக்கு வர வேண்டியதில்லை. புழலிலோ பாளையங்கோட்டையிலோ இருக்கும் கைதி, சூப்பிரண்டு மூலமாகவே ஜெயில் மனு அனுப்பலாம். ஆனால் நாள் கணக்கை முதல் நாளிலிருந்தே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். செஷன்ஸ் கோர்ட் தூக்கு விதித்ததும் தீர்ப்பின் சான்றளித்த நகலைக் காசில்லாமல், உடனே கொடுத்தாக வேண்டும். உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தூக்கை உறுதிசெய்வதற்காக வழக்கு எப்படியும் உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வுக்குத் தானாகவே போகும். அதை நம்பிச் சில குடும்பங்கள் சொந்த மேல்முறையீடு போடாமல் விட்டுவிடுகின்றன. போட்டே ஆக வேண்டும். தானாகப் போகிற கோப்பில் கைதியின் தரப்பு வாதம் எதுவும் இருக்காது.

உயர் நீதிமன்றம் தூக்கை உறுதிசெய்தால் உச்ச நீதிமன்றத்துக்கு வர 60 நாள். மற்றக் கிரிமினல் வழக்குகளுக்குச் சொல்லும் 90 நாள் இங்கே கிடையாது. நாள் தப்பிப்போனால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துப் போட வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் நீதிபதிகள் பெரும்பாலும் மன்னிப்பார்கள். ஆனால் மனு எதுவும் நிலுவையில் இல்லாத அந்த இடைவெளியில் கீழ்க் கோர்ட் தூக்குத் தேதி குறிக்கும் வாரன்ட் போட்டுவிடுகிற ஆபத்து உண்டு. உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் 2015 மே மாதம், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த 6-ஆம் நாளே வாரன்ட் வந்துவிட்டது. தீர்ப்பை அதே கோர்ட் மறுபடி பார்க்கக் கோரும் சீராய்வு மனுவுக்கு 30 நாள் அவகாசம் இருக்கும்போது இப்படி ஒரு வாரன்டா என்று உச்ச நீதிமன்றமே அதை ரத்து செய்தது.

வக்காலத்து விஷயத்தில் கவனம் தேவை. கைதி கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, சூப்பிரண்டு சான்றளித்து, ஜெயில் முத்திரையும் கைதி எண்ணும் அதில் இருக்க வேண்டும். தீர்ப்பில் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒரு மாதிரியும் ஜெயில் பதிவேட்டில் வேறு மாதிரியும் இருந்தால் உச்ச நீதிமன்றப் பதிவகம் குறை குறித்துத் திருப்பும். தகப்பன் பெயர், ‘என்கிற’ என்று வரும் மறுபெயர் உட்படத் தீர்ப்பில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். மனு பதிவானதும் ஒரு டைரி எண் வரும். அந்த எண்ணை வைத்து உச்ச நீதிமன்ற இணையதளத்தில் குறைகள் என்ன, எந்த அமர்வு, எந்தத் தேதி என்று ஊரிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். "நான் கவனித்துக்கொள்கிறேன்" என்று சொல்லி டைரி எண்ணைக் கொடுக்காமல் இழுக்கும் வக்கீல் யாராக இருந்தாலும் மாற்றச் சொல்லிக் குழுவுக்கு எழுதுங்கள். மாற்றிக் கொடுக்கிறார்கள்.

இறுதி விசாரணைக்கு ஒரு முறையாவது வர வேண்டும் என்று குடும்பம் நினைத்தால்: தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் நியூ டெல்லி ஸ்டேஷனில் இறங்கி, மஞ்சள் லைன் மெட்ரோவில் ராஜீவ் சௌக், அங்கே மாறி நீல லைனில் ‘சுப்ரீம் கோர்ட்’ ஸ்டேஷன். பழைய பிரகதி மைதான் ஸ்டேஷனுக்குத்தான் இப்போது இந்தப் பெயர். உள்ளே போக ‘சுஸ்வாகதம்’ இணையதளத்தில் முன்கூட்டியே இ-பாஸ் எடுத்துக்கொண்டால் கவுன்ட்டர் வரிசை மிச்சம். வாசலில் வந்து பேச்சுக்கொடுத்து, "ஜட்ஜைத் தெரியும்" என்று சொல்கிறவர்களிடம் நிற்கவே நிற்காதீர்கள். தமிழ் பேசும் வக்கீல் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே ஒரு வரி எழுதுங்கள். உச்ச நீதிமன்றத்தில் தமிழ்நாட்டு வக்கீல்களுக்குப் பஞ்சமில்லை. கைதியோடு இடையில் ஆள் இல்லாமல் பேசக்கூடிய வக்கீல் கிடைப்பது மூத்த வக்கீலின் பெரிய பெயரைவிட உதவும். ஜெயிலுக்கும் டெல்லிக்கும் வீடியோ இணைப்பு உண்டு. வாதம் தொடங்குவதற்கு முன்னால் வக்கீல் கைதியோடு பேசினாரா என்பதைக் குடும்பம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி, இந்தச் சேவையின் உயிர்நாடியான பேப்பர் புக். தமிழ்நாட்டுச் செஷன்ஸ் கோர்ட்டில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது. உச்ச நீதிமன்றம் ஆங்கிலத்தில் நடக்கிறது. ஆகவே அ.சா.1 (அரசுத் தரப்பின் முதல் சாட்சி) முதல் கடைசி சாட்சி வரை, முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதியது), கைப்பற்றும் மகஜர் (பொருளைக் கைப்பற்றியபோது எழுதியது), பிரேதப் பரிசோதனை அறிக்கை, குற்றம் சாட்டப்பட்டவரிடம் கோர்ட் கேட்ட கேள்வி பதில் எல்லாம் மொழிபெயர்க்கப்பட்டு, பக்க எண் போட்டுத் தொகுதிகளாகும். இங்கே என்ன தவறும் என்று தெரிந்துகொண்டால் குடும்பமே பாதி உதவி செய்யலாம். முதல் கோளாறு, முழுமையின்மை: தீர்ப்பில் மேற்கோள் காட்டிய சாட்சியங்களை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு மற்றவற்றை விட்டுவிடுவது. எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சாதகமான வரி பெரும்பாலும் தீர்ப்பில் வராத சாட்சியின் குறுக்கு விசாரணையில்தான் இருக்கும். இரண்டாவது, எண் குழப்பம்: அ.சா.ஆ. என்பது ஆவணம், சா.பொ. என்பது பொருள், ஆங்கிலத்தில் இரண்டும் கலந்துபோனால் எந்தச் சட்டையில் எந்த ரத்தம் என்பதே மாறிவிடும். மூன்றாவது, தேதி. கைப்பற்றிய நாள், கோர்ட்டுக்கு அனுப்பிய நாள், ஆய்வகத்துக்குப் போன நாள் என்று ஒரே பொருளுக்கு மூன்று தேதி இருக்கும். மொழிபெயர்ப்பில் ஒன்று விட்டுப்போனால் வாதமே விட்டுப்போகும்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-ல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் தூக்கு விதிக்கப்பட்டவரை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் விடுதலை செய்தது. டிஎன்ஏ மாதிரிகள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின, எங்கே எத்தனை நாள் கிடந்தன என்பதற்குச் சரியான பதிவு இல்லை என்பது விடுதலைக்கு முக்கியக் காரணம். அந்தத் தீர்ப்போடு நாடு முழுமைக்கும் விதி போட்டார்கள்: எடுத்த டிஎன்ஏ மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போக வேண்டும், கை மாறுவது ஒவ்வொன்றும் பதிவேட்டில் ஏற வேண்டும், முத்திரையிட்ட பொட்டலத்தைக் கோர்ட் அனுமதி இல்லாமல் திறக்கக் கூடாது. செஷன்ஸ் கோர்ட்டும் உயர் நீதிமன்றமும் இந்தச் சாட்சியத்தைப் பார்த்துத்தான் தூக்கு என்றன. அதே காகிதங்கள்தான் டெல்லிக்கு வந்தன. ஒழுங்காகத் தொகுத்து, தேதியை வரிசையாக வைத்துப் படித்தபோது வழக்கு நிற்கவில்லை.

பேப்பர் புக் மொழிபெயர்ப்புக்கு 5-க்கு 3 கொடுக்கலாம். அது கையில் வந்ததும் தமிழ் மூலத்தோடு ஒப்பிட, ஊரில் ஒரு வக்கீலையோ தமிழும் ஆங்கிலமும் தெரிந்த பட்டதாரி ஒருவரையோ உட்கார வையுங்கள். டெல்லியில் வாழும் தமிழர்களில் இந்த வேலைக்கு நேரம் கொடுக்கக்கூடியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தேதியும் எண்ணும் சரிபார்த்தாலே பெரிய உதவி.

வாதம் நடக்கும் முறைக்கு 4 தருவேன். தூக்கு வழக்கைக் குறைந்தது மூன்று நீதிபதிகள் கேட்கிறார்கள். சீராய்வு மனு மற்ற வழக்குகளில் நீதிபதிகளின் அறைக்குள்ளேயே, வக்கீல் பேசாமல் முடிந்துவிடும். 2014 செப்டம்பர் தீர்ப்புக்குப் பிறகு தூக்கு வழக்கில் மட்டும் திறந்த கோர்ட்டில், அதிகபட்சம் அரை மணி நேரம், வாய்வழி வாதம் உண்டு. அரை மணிதான் என்பதால் எதை விடுவது என்று தெரிந்த வக்கீல் வேண்டும். சட்ட உதவிப் பட்டியலில் அப்படிப்பட்ட மூத்தவர்கள் இருக்கிறார்கள். தூக்கு வழக்கு என்றால் காசு பாராமல் வந்து நிற்கும் மரபு உச்ச நீதிமன்றத்தில் உண்டு. தனியார் மூத்த வக்கீல் ஒரு முறை எழுந்து நிற்க லட்சங்களில் கேட்பார். ஒத்திவைத்தால் மறுபடியும் கேட்பார். அந்தப் பணத்துக்கு இங்கே கூடுதலாக எதுவும் கிடைக்காது.

பணம் இருந்தால் வேறொரு வேலைக்குச் செலவு செய்யுங்கள்: கைதியின் வாழ்க்கையைக் காகிதமாகத் திரட்டுவது. கோர்ட் வட்டாரத்தில் இதை மிட்டிகேஷன் என்பார்கள். தூக்கா ஆயுளா என்று முடிவு செய்யும்போது குற்றத்தை மட்டும் பார்த்தால் போதாது, குற்றம் செய்த ஆளையும் பார்க்க வேண்டும் என்பது 1980 பச்சன் சிங் தீர்ப்பு. அதை எப்படிச் செய்வது என்று சொல்ல 42 வருடம் ஆயிற்று. 2022 மே மாதத்து மனோஜ் தீர்ப்பு, வயது, குடும்பச் சூழல், படிப்பு, வேலை, வருமானம், மனநலம், ஜெயில் நடத்தை எல்லாவற்றையும் விசாரணைக் கோர்ட்டே அறிக்கையாகப் பெற வேண்டும் என்றது. இப்போது உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்கும்போதே நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை, ஜெயில் அறிக்கை, மனநல மருத்துவர்களின் மதிப்பீடு மூன்றையும் வரவழைப்பது வழக்கமாகியிருக்கிறது. இந்த வழிமுறையைப் பின்பற்றாமல் உறுதியான தூக்குகளைத் திரும்பத் திறக்க, அடிப்படை உரிமைக்காக நேராக உச்ச நீதிமன்றம் வர வழிசெய்யும் அரசமைப்புச் சட்டப் பிரிவு 32-ன் கீழ் வரலாம் என்று 2025 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்று உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

என்னென்ன திரட்டுவது? பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் நகல், டிசி, பிறப்புப் பதிவு. சிறுவயதில் தலையில் அடிபட்டிருந்தால் அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு. வலிப்பு, குடி, மனநோய்க்கு எங்கேயாவது காட்டியிருந்தால் ஓ.பி. சீட்டு, கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தில் பழைய பதிவேட்டைத் தேடித் தரக் கேட்கலாம். படிப்பை நிறுத்தி வேலைக்குப் போன வயது. செங்கல் சூளை, பட்டாசு ஆலை, கடல் வேலை எதுவானாலும் அதைப் பார்த்த இரண்டு பேரின் வாக்குமூலம். ஜெயிலில் படித்த படிப்பு, செய்த வேலை, தண்டனைப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை என்பதற்கான சான்று. வீட்டார் ஒரே தடவையில் எல்லாவற்றையும் சொல்லிவிட மாட்டார்கள். அப்பா அடித்தது, அம்மா விட்டுப்போனது, பட்டினி, சிறுவயதில் நடந்த கொடுமை எல்லாம் மூன்றாவது நான்காவது பேச்சில்தான் வெளியே வரும். "குடும்ப மானம்" என்று மறைப்பதுதான் இங்கே பெரிய தடை. அந்த மானத்தைவிட உயிர் பெரிது என்று வீட்டுப் பெரியவர்களிடம் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

பள்ளிப் பதிவேட்டை முதலில் சொன்னதற்கும் காரணம் உண்டு. மகாராஷ்டிரத்தில் தூக்கு விதிக்கப்பட்ட ஒருவர் குற்றம் நடந்தபோது 12 வயதுச் சிறுவன் என்பதை உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. ராஜஸ்தானில் அவர் படித்த பள்ளியின் பதிவேடுதான் ஆதாரம். அதற்குள் அவர் 28 ஆண்டுகளுக்கு மேல் ஜெயிலில் இருந்துவிட்டார். சட்டப்படி தூக்குக்கு அனுப்பவே முடியாத ஒரு பையனை மூன்று அடுக்குக் கோர்ட்டும் தூக்குக்கு அனுப்பியிருந்தன. இடையில் எப்போதாவது வாரன்ட் நிறைவேறியிருந்தால் அந்தப் பதிவேட்டை யார் போய்ப் புரட்டியிருப்பார்கள்?

இங்கேதான் சேவையை மதிப்பிடுவது தண்டனையையே மதிப்பிடுவதாக மாறுகிறது. டெல்லிக் கட்டத்துக்கு நல்ல மதிப்பெண் கொடுத்தேன். மாவட்டக் கட்டத்துக்கு எத்தனை கொடுப்பது? 2022-க்குப் பிறகு மாவட்டங்களில் முழுநேரச் சட்ட உதவி வக்கீல் அலுவலகங்கள் வந்திருக்கின்றன; தலைமை வக்கீலுக்குக் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அது முன்னேற்றம்தான். ஆனால் தூக்கு எப்படி விழுந்தது என்று திரும்பிப் பாருங்கள். 1997 டெல்லி பஸ் குண்டுவெடிப்பு வழக்கில் 65 சாட்சிகளில் 56 பேரை விசாரித்தபோது எதிரிக்கு வக்கீலே இல்லை. அவருக்குத் தூக்கு. உச்ச நீதிமன்றம் 2012-ல் மறுவிசாரணைக்கு அனுப்ப, 2013-ல் விடுதலையானார். மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில் வக்கீலை நியமித்த அன்றே குற்றச்சாட்டு வனைந்து, இரண்டு வாரத்துக்குள் விசாரணை முடித்துத் தூக்கு கொடுத்தார்கள். 2019-ல் அதை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட வழக்குகளில் 10 ஆண்டு அனுபவமுள்ள வக்கீல்தான் வேண்டும், தயாராகக் குறைந்தது 7 நாள் தர வேண்டும் என்றது. மறுவிசாரணையில் அந்த ஆள் 2024-ல் விடுதலையே ஆகிவிட்டார். சென்னைப் புறநகர்ச் சிறுமி கொலை வழக்கிலும் இதே கதை: குற்றச்சாட்டு வனைந்தபோது வக்கீல் இல்லை, வக்கீல் வந்த சில நாள்களில் சாட்சி விசாரணை. 2025 அக்டோபரில் தூக்கு ரத்தாகி, எதிரி விடுதலை. அந்தக் குழந்தையின் பெற்றோருக்கு இதைவிடக் கொடுமை என்ன இருக்க முடியும்? அவசரமாகத் தூக்கு வாங்கிக் கொடுத்த விசாரணை அவர்களுக்குக் கடைசியில் ஒரு விடையைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வுக்காக 373 தூக்குக் கைதிகளைச் சந்தித்தார்கள். அவர்களில் 74.1 சதவீதம் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். 2000 முதல் 2015 வரை விசாரணைக் கோர்ட்டுகள் விதித்த தூக்குகளில் உச்ச நீதிமன்றம் வரை நிலைத்தவை 5 சதவீதத்துக்கும் குறைவு. ராஜீவ் காந்தி கொலை வழக்கு தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும்: 1998-ல் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) கோர்ட் 26 பேருக்கும் தூக்கு என்றது, 1999-ல் உச்ச நீதிமன்றம் 4 பேருக்கு மட்டும் உறுதிசெய்து, 19 பேரை வெளியே விட்டது. வீரப்பன் கூட்டாளிகள் மீதான பாலாறு கண்ணிவெடி வழக்கில் மைசூரு தடா கோர்ட் கொடுத்த ஆயுளை 2004-ல் உச்ச நீதிமன்றமே தூக்காக உயர்த்தியது. 2014-ல் அதே உச்ச நீதிமன்றம் மறுபடி ஆயுளாக்கியது. ஆள் அதே ஆள், குற்றம் அதே குற்றம். மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் 2009-ல் 6 பேருக்குத் தூக்கு என்று சொன்ன உச்ச நீதிமன்றம், 2019-ல் ஆறு பேரும் நிரபராதிகள் என்று விடுவித்து, தலைக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இழப்பீடு வாங்க அவர்கள் உயிரோடு இருந்தார்கள். 1996-ல் தூக்கிலிடப்பட்ட ராவ்ஜிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் வழக்கின் தீர்ப்பு சட்டத்துக்கு மாறானது என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது 2009-ல். அந்தத் தவறான தீர்ப்பைப் பின்பற்றித் தூக்கு விழுந்த 13 பேரைக் காப்பாற்றச் சொல்லி 14 முன்னாள் நீதிபதிகள் 2012-ல் குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள்.

பச்சன் சிங் வழக்கில் 5 நீதிபதிகளில் 4 பேர் தூக்கு செல்லும் என்றபோது பி.என். பகவதி மட்டும் மறுத்தார். எந்த நீதிபதிகள் அமர்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஆளின் உயிர் போவதும் இருப்பதும் முடிவாகிறது என்பது அவர் வாதம். நாற்பது ஆண்டுக்கு மேலான கணக்கு அவர் பக்கம்தான் நிற்கிறது.

எதிர்க் கேள்வி நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. குற்றம் செய்தது சந்தேகமே இல்லாமல் தெரிந்த வழக்கில் என்ன சொல்வது? பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய்ச் சட்டம் பேச முடியுமா? முடியாது. அவருடைய கோபத்துக்கு முன்னால் யாருக்கும் பதில் கிடையாது. ஆனால் சட்டம் ‘சந்தேகமே இல்லாத வழக்கு’ என்று தனியாக ஒரு வகை வைத்திருக்கவில்லை. மேலே சொன்ன ஒவ்வொரு வழக்கிலும் ஏதோ ஒரு கோர்ட் சந்தேகமில்லை என்றுதான் எழுதியது. கொடியவர் வெளியே வந்துவிடுவாரே என்ற பயத்துக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது: 25 ஆண்டு, 30 ஆண்டு, ஆயுள் முடியும் வரை என்று தண்டனைக் குறைப்பு இல்லாத ஆயுளை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் விதிக்கலாம் என்பது 2008-லும் 2015-லும் உறுதியாகிவிட்டது. தூக்கு, ஆயுளைவிட அதிகமாகக் குற்றத்தைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் சட்ட ஆணையம் 2015-ல் தன் 262-ஆவது அறிக்கையில் முடிவுக்கு வந்து, பயங்கரவாதம், நாட்டுக்கு எதிராகப் போர் தொடுத்தல் ஆகிய வழக்குகள் தவிர மற்றவற்றில் ஒழிக்கப் பரிந்துரைத்தது. என் கருத்தில் அந்த விதிவிலக்கும் தேவையில்லை. காவல் துறைக்கு மிக அதிக அழுத்தம் இருக்கும் வழக்கில்தான் தவறும் அதிகம் நடக்கும். டெல்லி பஸ் வழக்கு அதற்குச் சாட்சி.

கருணை மனுக் கட்டத்துக்கு 5-க்கு 2-தான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 472 கடுமையான நாள் கணக்கு வைத்திருக்கிறது: மேல்முறையீடு அல்லது சீராய்வு தள்ளுபடியானதைச் சூப்பிரண்டு தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் ஆளுநருக்கு, ஆளுநர் மறுத்தால் 60 நாளுக்குள் குடியரசுத் தலைவருக்கு. ஒரே வழக்கில் பல பேர் இருந்தால் எல்லோரும் மனுப் போட்டார்களா என்று சூப்பிரண்டு பார்க்க வேண்டும். மறுப்பு வந்தால் 48 மணி நேரத்தில் ஜெயிலுக்குத் தெரிவிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் இந்த 30 நாளில் என்ன மனு எழுதுவார்? "ஐயா, என்னை மன்னித்துவிடுங்கள்" என்ற இரண்டு பத்தி மனுக்கள் இப்படித்தான் போகின்றன. மிட்டிகேஷனுக்குத் திரட்டிய அத்தனையும், தீர்ப்பில் மாறுபட்ட நீதிபதி இருந்தால் அவர் எழுதியதும், மருத்துவச் சான்றும் மனுவோடு போக வேண்டும். சூப்பிரண்டு மூலம் ஒன்று, பதிவுத் தபாலில் ஒன்று என்று அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

ஈரோடு மாவட்டக்காரரான பி. சதாசிவம் தலைமை நீதிபதியாக இருந்தபோது, 2014 ஜனவரி 21-ல் 15 பேரின் தூக்கை ஆயுளாக்கிய தீர்ப்பு இந்தக் கட்டத்தில் பெரிய பாதுகாப்பு. கருணை மனுவை நியாயமில்லாமல் இழுத்தடித்தாலோ கைதிக்கு மனநோய் வந்தாலோ தண்டனையைக் குறைக்கலாம். மனு தள்ளுபடியான பிறகும் இலவச வக்கீல் உண்டு. குடும்பத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். கடைசிச் சந்திப்பு கொடுத்தாக வேண்டும். ஓராண்டுக்கு முன் 2013 பிப்ரவரியில், நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் திகார் ஜெயிலில் அப்சல் குருவைத் தூக்கிலிட்ட பிறகுதான் குடும்பத்துக்கு அனுப்பிய ஸ்பீட் போஸ்ட் போய்ச் சேர்ந்தது. அப்படி இனி எந்த வீட்டுக்கும் கடிதம் வரக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட விதிகள் அவை.

வாரன்ட் வந்துவிட்டால்: அன்றே சூப்பிரண்டிடம் வாரன்ட் நகலும் கருணை மனு மறுப்புக் கடிதத்தின் நகலும் எழுத்தில் கேளுங்கள். இரண்டையும் போனில் படமெடுத்து டெல்லி வக்கீலுக்கு அனுப்பிவிட்டு 15100-ஐ அழையுங்கள். சீராய்வும் தள்ளுபடியான பிறகு உச்ச நீதிமன்றத்தில் போடும் கியூரேட்டிவ் மனு போடப்படாமல் இருந்தால் அதற்கு மூத்த வக்கீலின் சான்று வேண்டும் என்பதைக் குழுவிடம் முதல் பேச்சிலேயே சொல்லுங்கள். இரவாகிவிட்டதே என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 2015 ஜூலை 30 அதிகாலையிலும் 2020 மார்ச் 20 அதிகாலையிலும் உச்ச நீதிமன்றம் தூக்கு வழக்கைக் கேட்டிருக்கிறது. மறுப்புக் கடிதம் கைதி கையில் கிடைத்த நாளுக்கும் தூக்குத் தேதிக்கும் இடையில் குறைந்தது 14 நாள் இருக்க வேண்டும். கடிதத்தில் போட்ட தேதியும் கைதி பெற்றுக்கொண்டு கையெழுத்திட்ட தேதியும் வேறாக இருந்தால் இரண்டையும் மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். கணக்கு, கைதி கையெழுத்திட்ட நாளிலிருந்துதான்.